வேலியை எப்போது மாற்றுவது? தூணின் அடியைத் தோண்டிப் பாருங்கள்

ஐப்பசி கடைசியில் முதல் பெருமழை இறங்கினால் என் போன் ஓயாமல் அடிக்கும். "தம்பி, கிழக்குப் பக்க வேலி விழுந்திட்டு, இண்டைக்கே வரேலுமா?" என்று கேட்பார்கள். போனாலும் அந்த நேரத்தில் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. குழி தோண்டினால் ஒரு முழத்திலேயே தண்ணீர் ஊறும். அதில் நட்ட தூண் நிற்காது, கம்பியை இழுத்தால் தூணும் சேர்ந்து வரும். மழை விட்டு நிலம் இறுகும் வரை, ஏறக்குறையத் தை கடைசி வரை, பழைய தகரத்தையும் கயிற்றையும் வைத்து அடைத்துக்கொண்டு கட்டாக்காலி மாடுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். வளவுக்குள் இருக்கும் மரவள்ளியும் வாழையும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் போகும்.

ஆவணியில் ஒரு பின்நேரம் ஒதுக்கி வேலியைச் சுற்றி ஒழுங்காகப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எதைப் பார்ப்பது, பார்த்ததை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுக்காரன். அப்பா கிடுகு (முடைந்த தென்னோலை) வேலி கட்டியவர். என் காலத்தில் அந்தத் தொழில் கொங்கிறீட் தூணும் கம்பி வலையுமாக மாறிவிட்டது. மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரை கடலோர ஊர்களிலும், உள்ளே சம்மாந்துறை, மல்வத்தை, நாவிதன்வெளிப் பக்கமும் வேலை செய்கிறேன்.

"இந்த வேலிக்கு இத்தனை வயசாச்சு, மாத்தலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். வயதை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய முள்ளுக்கம்பி, கடற்கரை ஒழுங்கையில் உப்புக்காற்றுப் பட்டுச் சீக்கிரமே செம்மண் நிறமாகிவிடும். அதே கம்பி சம்மாந்துறை வயல் ஓரத்தில் இன்னும் பளபளவென்று இருக்கும். ஆனால் அந்த வயல் ஓரத்தில் மரத்தூண் முதலில் போய்விடும், ஏனென்றால் அங்கே களிமண். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். கடலோர மணலில் தண்ணீர் வடிந்துவிடுவதால் அடி அவ்வளவு சீக்கிரம் உக்காது. அதற்குப் பதிலாக மணல் இளகி, வாடைக்காற்றுக்குத் தூண் சாயும். உங்கள் வளவு எந்த மண்ணில் இருக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சுற்றி நடந்து பார்ப்பது

ஒரு சின்ன மண்வெட்டி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தியல், கொஞ்சம் வெண்கட்டி. இவ்வளவு போதும். வளவு வாசலில், அதாவது கடப்படியில் தொடங்கி ஒரே திசையில் போங்கள், ஒரு தூணையும் விடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடி, கோழிக்கூட்டுக்குப் பின்புறம், குப்பை கொட்டும் மூலை என்று நாம் வழக்கமாகப் போகாத இடங்கள்தான் முதலில் கெட்டிருக்கும். அங்கே ஈரமும் சருகும் சேர்ந்து கிடக்கும், கறையானுக்கு அது போதும்.

ஒவ்வொரு தூணையும் நெஞ்சளவு உயரத்தில் பிடித்து உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை தள்ளுங்கள். தள்ளும்போது கண் மேலே இருக்கக்கூடாது, தூண் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தூண் ஆடும்போது அதைச் சுற்றி மண்ணில் இடைவெளி திறந்து மூடினால், தூணுக்கு ஒன்றுமில்லை, மண்தான் இளகியிருக்கிறது. அந்த இடத்தில் நாலு கல்லைப் போட்டு அலவாங்கின் (கடப்பாரையின்) தடித்த முனையால் இடித்து இறுக்கினால் சரி. மண் அசையாமல் தூண் மட்டும் அடியில் மடிவதுபோல் வந்தால், அல்லது "கறக்" என்று உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்டால், அந்தத் தூண் முடிந்துவிட்டது. வெளியில் எவ்வளவு நேராக நின்றாலும் அதில் வெண்கட்டியால் ஒரு குறி போடுங்கள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நல்ல தூண்களைப் பிடுங்கி எறிகிறார்கள், கெட்ட தூண்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மரத்தூணாக இருந்தால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை விலக்குங்கள். மரம் உக்குவது உச்சியிலோ குழியின் ஆழத்திலோ அல்ல. மண்மட்டத்துக்குக் கீழே நாலு விரல், மேலே நாலு விரல், அந்த இடத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான். பாலைக் கட்டையாக இருந்தாலும் வேப்பங்கட்டையாக இருந்தாலும் அங்கிருந்துதான் போகத் தொடங்கும், பாலை அதிக காலம் தாங்கும் என்பதுதான் வித்தியாசம். ஸ்க்ரூ டிரைவரை அந்த இடத்தில் வைத்துக் கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். தோல் போல மேலே கொஞ்சம் இறங்கி வைரத்தில் முட்டி நின்றால் நல்லது. அரை அங்குலம் வரை போனால் இந்த மாரியைத் தாங்கும், அடுத்த வருடம் திரும்பப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் குறி போடுங்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால் சத்தமும் சொல்லும். நல்ல மரம் "டக்" என்று திருப்பித் தரும், உள்ளே கறையான் தின்ற மரம் "பொத்" என்று அடங்கிப்போகும். மேல்தோல் முழுதாக இருக்க உள்ளே மண் நிறைந்த தூண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொங்கிறீட் தூண் என்றால் நிரந்தரம் என்று நினைக்கிறார்கள். எங்கள் கரையோரத்தில் அது பெரிய தவறான நம்பிக்கை. நிந்தவூரில் ஒரு வீட்டில் கம்பி வலை தொய்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். தூண்கள் எல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்து அழகாக நின்றன. ஒரு தூணின் ஓரத்தில் மேலிருந்து கீழாக முடிபோல ஒரு வெடிப்பு, அதன் வழியே லேசான கபில நிறக் கசிவு. அந்த இடத்தில் சுத்தியலால் தட்டினேன். உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கழன்று விழுந்தது. உள்ளே 6 மில்லிக் கம்பி தீக்குச்சி அளவுக்கு மெலிந்து, சுற்றிலும் துருவாக இருந்தது. வீட்டுக்கார ராத்தா பக்கத்தில்தான் நின்றார், அவராலும் நம்ப முடியவில்லை. மற்றத் தூண்களையும் தட்டிப் பார்த்தோம். கடல் பக்கம் பார்த்த வரிசை முழுவதும் அதே கதை, வீட்டின் மறைவில் இருந்த வரிசை நல்லது.

இரும்பு துருப்பிடித்தால் தன் பழைய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த நெரிசலில்தான் கொங்கிறீட் உள்ளேயிருந்து வெடிக்கிறது. அதனால் கொங்கிறீட் தூணில் வெடிப்பு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். கம்பியின் வழியே மேலிருந்து கீழாக ஓடினால் அது துரு. சீமெந்து பூசி மூடினால் வெளியே தெரியாமல் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், பூசுவது வீண் செலவு. குறுக்காக, மண்மட்டத்துக்குப் பக்கத்தில் வெடித்திருந்தால் ஏதோ இடித்திருக்கிறது, லாண்ட்மாஸ்ரரோ (இரண்டு சில்லு உழவு இயந்திரமோ) மாடோ. அந்த ஒரு தூணை மட்டும் மாற்றினால் போதும். சிலந்தி வலைபோல மேலோட்டமாக ஓடும் மயிரிழை வெடிப்புகளுக்குப் பயப்படத் தேவையில்லை.

இரும்புக் குழாய்த் தூண் வைத்திருப்பவர்கள் வெல்டிங் பிடித்த இடங்களையும் மண்மட்டத்தையும் பாருங்கள். அப்புறம் குழாயின் வாயைப் பாருங்கள். மூடியில்லாத குழாயில் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், நுளம்பும் பெருகும். டெங்கு பரவும் மாதங்களில் சுகாதாரப் பரிசோதகர் வந்து சட்டி பானையைப் பார்ப்பார், நம் கண்ணில் வேலிக் குழாய் படுவதில்லை. ஒரு கை சீமெந்துக் கலவையால் அடைத்துவிடலாம்.

கம்பியும் தகரமும்

தூணுக்கு அடுத்தது கம்பி. கல்வனைஸ் கம்பியில் வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் கவலை வேண்டாம். மேலே பூசிய நாகம் (துத்தநாகம்) தன்னைத் தேய்த்து இரும்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சிவப்பு தெரியத் தொடங்கினால் பூச்சு முடிந்து இரும்பில் கைவைத்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு வந்தவுடனே மாற்ற வேண்டியதும் இல்லை. குறட்டால் ஒரு நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். பல தடவை மடிந்தும் முறியவில்லை என்றால் இன்னும் உயிர் இருக்கிறது. ஓரிரு மடிப்பில் முறிந்தால் அதை இழுத்து இறுக்க நினைக்காதீர்கள். பழைய கம்பி இறுக்கும்போது அறுந்து சுருண்டு முகத்துக்கு நேரே வரும். இறுக்க வேண்டிய அளவுக்குத் தொய்ந்த, மடித்தால் முறியும் கம்பியைக் கழற்றிவிடுவதுதான் சரி.

வலையில் அடிவரிசையைப் பாருங்கள். புல்லும் மண்ணும் மூடிய அடிவரிசைக் கண்கள் முதலில் அறுந்துபோகும், கோழியும் நாயும் அதன் வழியேதான் வரும். அடி மட்டும் போயிருந்தால் முழு வலையையும் மாற்ற வேண்டாம், அடியில் ஒன்றரை அடிக்குப் புதுத் துண்டு பிணைத்துக்கொள்ளலாம்.

தகர வேலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரம் முழுக்கத் தகரம் வந்தது. அவசரத்துக்கு அது வேண்டியிருந்தது, மறைப்பு இல்லாமல் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? ஆனால் இன்றும் அதே தகரத்தைத் துருவோடு நிறுத்தி வைத்திருப்பது ஆபத்து. தகரம் ஆணித் துளையிலும் மண் தொடும் ஓரத்திலும்தான் முதலில் போகும். ஆணித் துளை பெருத்து ஆணியின் தலையைவிடப் பெரிதாகிவிட்டால் வாடைக்காற்று அந்தத் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் பறந்த தகரத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். ஒழுங்கையில் பிள்ளைகள் சைக்கிளில் போகும் உயரத்தில் கிழிந்த விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், வேலி நிற்கிறதா விழுகிறதா என்ற கேள்வியே வேண்டாம். அன்றைக்கே கழற்றுங்கள். தகரம் யாரையாவது வெட்டிவிட்டால் ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போடாமல் இருக்கவும் வேண்டாம்.

கிடுகு வேலிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது வருடா வருடம் மாற்றுவதற்கென்றே கட்டுவது. கிடுகுக்குள் கை விட்டால் பொடியாக உதிர்ந்தால் மாற்றுங்கள், வரிச்சுத் தடிகள் நல்லதென்றால் அப்படியே விட்டுக் கிடுகை மட்டும் புதிதாகக் கட்டுங்கள். கழற்றிய கிடுகை எரிக்க வேண்டாம். தென்னையடியில் பரப்பினால் மணல் சூடாகாது, ஈரமும் நிற்கும்.

உயிர்வேலியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

தம்பிலுவிலில் ஒரு மாமி, கட்டாரில் இருக்கும் மகன் காசு அனுப்பிவிட்டான் என்று, சுற்றிலும் இருந்த பூவரசையும் கிளிசரிடியாவையும் வெட்டி மதில் கட்டக் கேட்டார். சுற்றி நடந்து பார்த்தோம். பின்பக்கத்தில் மட்டும் மூன்று நாலு இடத்தில் ஓட்டை, மற்றதெல்லாம் அடி பருத்து இறுகி நிற்கிறது. ஒரு பூவரசில் பழைய முள்ளுக்கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து மறுபக்கம் வந்திருந்தது. அப்படிப்பட்ட தூணை எந்தக் காசுக்கும் வாங்க முடியாது. "மாமி, இத வெட்ட என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டேன். ஓட்டை இருந்த இடங்களில் மழை தொடங்கும் நேரம் புதுக் கதியால் போட்டோம். பெருவிரலைவிடத் தடித்த, முற்றிய கிளிசரிடியாத் தடி, ஆறடி நீளம், அடியைச் சரிவாகச் சீவி ஒன்றரை அடி ஆழத்துக்கு நடுவது. ஐப்பசி மழை பிடித்தால் மார்கழியில் தளிர் விட்டுவிடும். மாமியின் ஆட்டுக்குக் குழையும் அந்த வேலியில்தான்.

உயிர்வேலியில் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை அரிதாகத்தான் வரும். அடிமரம் உள்ளே கோறையாகிக் காற்றுக்கு வீட்டுப் பக்கம் சாய்ந்தால் அந்த மரத்தை மட்டும் எடுங்கள். மேலே மின்கம்பியைத் தொடும் அளவுக்கு வளர விடாதீர்கள், மழைக்கு முன் ஒருமுறை தலை வெட்டிவிட்டால் காற்றும் பிடிக்காது, அடியும் அடர்ந்து வரும்.

மதில்

மதில் விழுந்தால் ஆள் சாகும். அதனால் இதற்கு என் அளவுகோல் வேறு. ஒரு நூலில் குண்டு கட்டி மதிலின் உச்சியிலிருந்து தொங்கவிடுங்கள். நாலு அங்குலச் சீமெந்துக் கல்லில் கட்டிய ஆறடி மதில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே சாய்ந்திருந்தால் உடனே மேசனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அதுவரைக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள். படிக்கட்டு மாதிரிக் கல்லுக்குக் கல் இறங்கும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். மாவடிப்பள்ளிப் பக்கம்போல் வெள்ளம் நிற்கும் நிலத்தில் அடியில் தண்ணீர் போக ஓட்டை விடாமல் மதில் கட்டியிருந்தால், ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர் தள்ளித் தள்ளி அதைச் சாய்க்கும். மதில் இன்னும் நேராக இருக்கும்போதே ஓட்டை போட்டுவிடலாம்.

எண்ணிப் பார்த்து முடிவு செய்வது

சுற்றி முடித்ததும் வெண்கட்டிக் குறிகளை எண்ணுங்கள். 20 பேர்ச் (ஏறக்குறைய 5,445 சதுர அடி) வளவு சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 295 அடி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் 37 தூண். அதில் நாலைந்து தூண், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் அந்தத் தூண்களை மட்டும் மாற்றுங்கள். பன்னிரண்டுக்கு மேல், அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதென்றால் முழுவதையும் மாற்றுவதுதான் இலாபம். மீதித் தூண்களும் அதே மரம், அதே வயது. இந்த வருடம் பன்னிரண்டு, அடுத்த வருடம் பத்து என்று ஒவ்வொரு முறையும் கூலியும் லொறி வாடகையும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்றிப் பூட்டுவதில் கம்பியும் கெடும்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குறிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாகப் போடலாம், மூன்று பக்கம் நிற்கட்டும். மூலைத்தூண்களில் குறி விழுந்திருந்தால் மற்ற எண்ணிக்கையைப் பார்க்காமல் முதலில் அவற்றை மாற்றுங்கள். கம்பியின் முழு இழுவையும் மூலைத்தூணில்தான் இருக்கிறது. நடுத்தூண் ஒன்று போனால் கம்பி தாங்கிக்கொள்ளும், மூலை போனால் இரண்டு பக்கமும் தொய்யும். கடப்படித் தூணும் அப்படித்தான். கதவு தரையில் உரசத் தொடங்கினால் பலரும் கதவின் அடியைச் சீவுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கதவில் இருக்காது, தூண் உள்ளே சாய்ந்திருக்கும்.

வேலி நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. வீட்டில் தவழும் பிள்ளை வந்துவிட்டது, முற்றத்து ஓரத்தில் முள்ளுக்கம்பி. ஆடு வளர்க்கத் தொடங்கினீர்கள், ஐந்து வரி முள்ளுக்கம்பிக்குள்ளால் குட்டி நுழைகிறது. பக்கத்துக் காணியில் வாடகைக்கு ஆட்கள் வந்து கிணற்றடி மறைப்பில்லாமல் போய்விட்டது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அங்கேயும் பழைய தூணில் புது வலை பூட்டினால் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

கடலோரம் விட்டு உள்ளே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. மல்வத்தை, நாவிதன்வெளிப் பக்கம் யானை வந்து வேலியை மிதித்துவிட்டுப் போனால், இன்னும் பலமான வேலி போட்டால் நிற்குமா என்று கேட்கிறார்கள். வீட்டு வேலி எதுவும் யானையை நிறுத்தாது. கொங்கிறீட் தூணையும் தள்ளிவிடும். அந்தக் கோபத்தில் சிலர் வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முறையான யானை வேலியில் கருவி ஒன்று நொடிக்கு ஒருமுறை மட்டும் தட்டும் மின்துடிப்பை அனுப்புகிறது, பிடித்தவர் கையை எடுக்க நேரம் இருக்கும். வீட்டு மின்சாரம் விடாது. அதில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் நம் வீட்டு ஆளோ, விடியற்காலையில் வயலுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரோதான்.

பழைய தூணைப் பிடுங்குவதற்கு முன்

பழைய வேலியைக் கழற்றுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லைக்கு அடையாளமாக இருப்பது பல இடங்களில் அந்தப் பழைய வேலி மட்டும்தான். கடலோர ஒழுங்கைகளில் சுனாமி எல்லைக்கல்லையும் வேலியையும் சேர்த்துக் கொண்டுபோனபோது, அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே ஒரு அடிக்காக மனம் முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய தூண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முளை அடித்து, நூல் கட்டி, இரண்டு வீட்டாரும் பார்த்துச் சம்மதித்த பிறகு பிடுங்குங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் காணி உறுதிப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1871இலிருந்து இருக்கும் சட்டத்தின்படி, ஒருவர் ஒரு நிலத்தைப் பத்து வருடம் இடையூறில்லாமல், உரிமையாளருக்கு எதிராகத் தன்னுடையதாக ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். வேலியை ஒரு அடி உள்ளே தள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது நல்லதல்ல, வெளியே தள்ளிப் போட்டால் சண்டை. பேச்சு முற்றினால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். வீதிப் பக்கம் மதில் எழுப்புவதென்றால் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முதலில் விசாரியுங்கள். பிரதான வீதி ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லை எதுவரை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு இடிக்கச் சொன்னால் காசும் போகும், நிம்மதியும் போகும்.

புதிதாகப் போடும்போது

நல்ல காலம் மாசி முதல் சித்திரை வரை. மழை விட்டிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், குழி தோண்ட இலகு, இடித்தால் இறுகும். ஆவணியில் பார்த்தபோது பெரிய குறைகள் இருந்தால் புரட்டாசிக்குள் செய்துவிடுங்கள். கச்சான் காற்று காய்ச்சிய களிமண்ணில் குழி தோண்டுவது கடினம், முதல்நாள் பின்நேரம் தண்ணீர் ஊற்றி வைத்தால் தோண்டலாம்.

கொங்கிறீட் தூண் வாங்கும்போது எப்போது வார்த்தது என்று கேளுங்கள். வார்த்து ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைத்திருக்க வேண்டும், முழுப் பலம் வர 28 நாள் வேண்டும். முந்தாநாள் வார்த்ததை லொறியில் ஏற்றினால் ஏற்றும்போதே கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். முக்கியமாக மண். கடல் மண்ணில் குழைத்த தூணில் உப்பு உள்ளேயே இருக்கிறது, அது கம்பியைத் தின்னாமல் விடாது. ஆற்றுமண்ணா என்று கேளுங்கள், தூணின் அடிமுனையைப் பாருங்கள். கம்பி ஓரத்தில் எட்டிப் பார்த்தால் வேண்டாம். கடலோரத்துக்குக் கம்பிக்கு மேல் ஒன்றரை அங்குலமாவது கொங்கிறீட் மூடியிருப்பது நல்லது.

எட்டடித் தூணென்றால் இரண்டடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும். மணலில் இரண்டரை அடி. மூலைக்கு அதைவிட அரை அடி கூட, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து. மரத்தூணென்றால் குழியடியில் ஒரு சாண் சல்லிக்கல் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள், தண்ணீர் வடியும். சுற்றிலும் கொங்கிறீட் ஊற்றிக் கிண்ணம்போல் மூடிவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரே தூணை உக்கச் செய்துவிடும். அடியில் தார் பூசுவது நல்லது, மண்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் வரை. நெருப்பில் கருக்கி நடும் பழக்கமும் உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். கராஜில் கிடைக்கும் கழிவு எண்ணெயைப் பூசுகிறார்கள். எங்கள் மணலில் கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் இல்லை, எண்ணெய் நேரே அங்கேதான் இறங்கும். கிணறு இருக்கும் வளவில் அது வேண்டவே வேண்டாம். வாவி ஓரத்துக் கண்ணா (கண்டல்) காட்டில் தடி வெட்டிக்கொண்டு வந்து தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள், அந்த மரத்தை வெட்டுவது சட்டப்படி குற்றம்.

கழற்றிய முள்ளுக்கம்பியை மண்ணில் புதைக்கவோ மூலையில் சுருட்டிப் போடவோ வேண்டாம். மாட்டின் காலிலும் மண்வெட்டிக்காரரின் காலிலும் வருடங்கள் கழித்து ஏறும். பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல துண்டுகள் மிஞ்சியிருந்தால் ஓட்டை அடைக்க ஒரு சுருள் வைத்துக்கொள்ளலாம். புது வேலி போட்டு முதல் மழை பெய்த மறுநாள் திரும்ப ஒருமுறை சுற்றி வாருங்கள். தூணடியில் மண் இறங்கியிருக்கும். அந்த ஈரத்திலேயே மண் போட்டு இடித்து, தூணிலிருந்து தண்ணீர் வெளியே ஓடும்படி சற்றுக் கூம்பாக அணைத்துவிடுங்கள்.